எறும்பு சீந்தாத பிஸ்கட்

கிள்ளான்
18 மார்ச் 1984

சீதாலெட்சுமிக்குப் பவுனம்மாள் எழுதுவது.

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு நான் அனுப்பிய தட்டை நாலு நாள் முன்னால் லோரிக்கார ஜெயராஜ் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து என் கடை மேசைமேல் வைத்தான். லட்டு, மைசூர்பாகு, பால்கோவா எல்லாம் வைத்தது வைத்தபடி. துணி முடிச்சைக்கூட நீ அவிழ்க்கவில்லை. என் தம்பிக்கு நான் அனுப்பியதைத் திருப்பி அனுப்ப நீ யார்?

உனக்கு அய்யாவு புருஷன் ஆவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அவன் எனக்குப் பிள்ளை. அம்மா செத்தபோது அவனுக்குப் பல் முளைக்கவில்லை. தோட்டத்தில் முறுக்குக் கூடையைத் தலையில் வைத்து, அவனை இடுப்பில் வைத்து, லயம் லயமாக, வீடு வீடாக நடந்தவள் நான். கூடையில் உடைந்து விழுந்ததைத் தின்று வளர்ந்தவன் அவன். இன்றைக்கு எனக்குக் கடை இருக்கிறது, லோரி இருக்கிறது, என் பலகாரம் ஈப்போ வரைக்கும் போகிறது. என் தம்பி வாய்க்கு மட்டும் போகக் கூடாதா?

இனிப்புநீர் வியாதி, இனிப்பு ஆகாது என்கிறாய். இந்த நாட்டில் நாற்பது தாண்டிய தமிழனில் யாருக்கு இல்லை?

தட்டோடு ஒரு டின் பிஸ்கட் வைத்திருந்தாயே, அதையும் கடித்துப் பார்த்தேன். மரத்தூளைப் பட்டரில் பிசைந்த மாதிரி இருந்தது. விழுங்கின பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு. மூடாமலேயே மேசைமேல் போட்டுவிட்டுப் போனேன். என் கடை எறும்பைப் பற்றி உனக்குத் தெரியாது. சீனி மூட்டை லோரியை விட்டு இறங்குவதற்குள் ஏறிவிடும். காலையில் வந்து பார்த்தால் உன் பிஸ்கட்டில் ஒரு எறும்புகூட இல்லை. எறும்பே சீந்தாததையா என் தம்பிக்குப் போடுகிறாய்?

இனி எழுதப்போவதை மனசில்லாமல்தான் எழுதுகிறேன். வீரசிங்கம் என்று ஒரு பென்ஷன் கிளார்க், யாழ்ப்பாணத்தார், பேரப்பிள்ளைகளுக்கு ஜிலேபி வாங்க வருவார். அவருக்கும் அந்த வியாதிதான். பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். விளையாட்டுக்கு உன் பிஸ்கட் ஒன்றை நீட்டினேன். "சீனி இல்லையோ? மெய்யாவோ பிள்ளை?" என்று கேட்டுக் கேட்டே டின்னைக் காலி செய்துவிட்டார். மறுநாள் அவரைப்போல இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.

என் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் கிள்ளானில் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அவர்களை உள்ளே இழுக்க என்னிடம் ஒரு பண்டம் இல்லை. உன்னிடம் இருக்கிறது. எனக்குச் செய்து தருகிறாயா? நம் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
24 மார்ச் 1984

அண்ணிக்கு,

அன்புள்ள என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் இடது கால் பெருவிரலில் இருக்கும் புண்ணைக் காலையும் மாலையும் கழுவிக் கட்டுகிறவள் நான். அந்தக் கட்டுத்துணியைத் துவைக்கிறவள் நான். நீங்கள் அனுப்புகிற லட்டு ஒவ்வொன்றும் அந்தத் துணியில்தான் வந்து முடிகிறது.

உங்களுக்கு இது தெரியாத வியாதியும் இல்லை. பக்கிரிசாமி அண்ணன் எதில் போனார் என்று எனக்குத் தெரியும். பலகாரக்கடை முதலாளி இனிப்புநீரில் செத்தார் என்று வெளியே வந்தால் யாவாரம் படுத்துவிடும் என்று, கட்டின புருஷனின் சாவை மாரடைப்பாக மாற்றினீர்கள். நான் இதுவரை வாயைத் திறந்ததில்லை.

சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும் என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். ஆறு வருஷம் முன்பு உங்கள் மகள் புஷ்பவல்லியின் சடங்கில், மாமன் பெண்டாட்டி என்ற முறையில் ஆரத்தித் தட்டை நான் எடுத்தேன். "பிள்ள பெத்தவ எடுக்கட்டும், நீ வையிம்மா" என்று சபை நடுவில் என் கையிலிருந்து பிடுங்கினீர்கள். கற்பூரம் சரிந்து என் சேலையில் விழுந்தது. பட்டுச்சேலையில் விழுந்த ஓட்டையைத் தைக்க முடியாது அண்ணி. அதை அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

என் பிஸ்கட் மரத்தூள் இல்லை. கச்சான் கடலையை வறுத்து, தோல் ஊதி, இடித்து, எண்ணெய் விடுவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். கொப்பரைத் துருவலை வெறும் சட்டியில் சூடு காட்ட வேண்டும். முட்டை, பட்டர், பட்டைத்தூள், வாசனைக்குப் பாண்டான் இலை வேகவைத்த தண்ணீர். கோதுமை மாவு இல்லை, அரிசி மாவு இல்லை, சீனி இல்லை. இனிப்புக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சாக்கரின் மாத்திரை. நீங்கள் சொன்ன கசப்பு அதனுடையது. அதை நான் மறைக்கவில்லை. எறும்பு சீந்தாது என்று ஏசினீர்கள். எனக்கு அதுதான் வேண்டும். எறும்பு ஒதுங்குகிற வரைக்கும் அவர் கால் பத்திரம்.

உங்கள் கடைக்குச் செய்து தருகிறேன். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி உங்கள் கடை இனிப்பு ஒரு துண்டுகூட அவர் கையில் சேரக் கூடாது. அவர் வேலை செய்யும் ரயில் ஸ்டேஷனுக்கும் அனுப்பக் கூடாது. ஜெயராஜ் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் எனக்குத் தெரியும்.

சீதாலெட்சுமி


கிள்ளான்
9 ஜூன் 1984

சீதா,

வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன். மார்ச்சிலிருந்து என் தம்பிக்கு ஒரு பூந்திகூட அனுப்பவில்லை. போன மாதம் கடைக்கு வந்தவன் கண்ணாடி அலமாரி முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி நின்றான். "அக்கா, ஒண்ணே ஒண்ணு" என்றான். "உன் பொண்டாட்டிய கேட்டுட்டு வா" என்று சொன்னேன். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் அவனுக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உன் பிஸ்கட்டுக்காகச் சொன்னேன்.

பிஸ்கட் போகிறது. வாரா வாரம் ஜெயராஜ் கொண்டுவரும் டின்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி. டாக்டர்கள் வாங்குகிறார்கள், சீனன் மருந்துக்கடைக்காரன் மொத்தமாகக் கேட்கிறான். சீதா பிஸ்கட் என்றே பெயர் வைத்துவிட்டேன். டின்னில் உன் பெயரை ஒட்டியிருக்கிறேன். வந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போ என்று கூப்பிட்டால் வரமாட்டாய், தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். லோரி ஆட்டத்தில் பாதி உடைந்து வருகிறது. கசப்பு இருக்கிறது. வாயில் போட்டதும் சிரிக்கிறார்கள், விழுங்கியதும் முகம் கோணுகிறது. முதல் தடவை வாங்கின எல்லாரும் இரண்டாம் தடவை வருவதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை உன் ஓவன். அடுப்புமேல் ஏற்றி வைக்கிற தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு தீபாவளிக்கு நீ என்ன சுடுவாய்? அளவை எழுதி அனுப்பு. என் சமையல்கட்டில் நல்லம்மாள் இருக்கிறாள், பெரிய ஓவன் இருக்கிறது. அப்படியே செய்வாள்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
1 ஜூலை 1984

அண்ணிக்கு,

அவர் கால் விரல் மூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இனிமே கட்டு வேணாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் தம்பி செருப்பில்லாமல் கூடத்தில் நடந்து காட்டினார். "சீதா, உன் மரத்தூள் ஜெயிச்சிருச்சிலா" என்றார். மரத்தூள் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அளவை எழுதி அனுப்புகிறேன். இல்லாவிட்டால் அனுப்பியிருக்க மாட்டேன். நல்லம்மாளுக்குப் படித்துக் காட்டுங்கள். கச்சான் எண்ணெய் விட்டுவிட்டால் அதை வீசிவிட்டுப் புதிதாக இடிக்கச் சொல்லுங்கள். சூடு ஆறுமுன் டின்னில் போட்டால் உடையத்தான் செய்யும்.

கசப்பைக் குறைக்க நானும் பார்த்தேன். பாண்டான் இலையைக் கூட்டினால் கொஞ்சம் அடங்கும், முழுக்கப் போகாது. போகாததைப் போகவைக்கப் பார்க்காதீர்கள். எதையாவது மாற்றினால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். டின்னில் என் பெயர் இருக்கிறது. என் பெயரைப் பார்த்துத்தான் அவர் கையை உள்ளே விடுவார்.

சீதாலெட்சுமி


கிள்ளான்
14 அக்டோபர் 1984

சீதா,

தீபாவளி டின்கள் அனுப்பியிருக்கிறேன். மூடியைத் தடவிப் பார். மயில் புடைத்து நிற்கிறதா? புது அச்சு. பக்கத்தில் பெரிய எழுத்தில் "சீதா பிஸ்கட். சீனி இல்லை. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு." அடுக்கி வைத்தால் கடை முகப்பே மாறிவிட்டது.

ஒன்றை எடுத்துக் கடி. கசக்கிறதா? கசக்காது. சிங்கப்பூரிலிருந்து புது மாத்திரை வரவழைத்திருக்கிறேன். விலை கூட, ஆனால் கசப்பே இல்லை. பெயரெல்லாம் கேட்காதே, வெள்ளைக்காரன் பெயர், என் வாயில் நுழையாது. நல்லம்மாள் உன் அளவை ஒரு கடுகுகூட மாற்றவில்லை. மாத்திரை மட்டும்தான் வேறு.

வாங்கினவன் மறுநாளே திரும்பி வருகிறான். வீரசிங்கம் வீட்டில் இனிப்புநீர் இல்லாத பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்களாம். நீ ஏழு மாதம் என் தம்பி வாயைக் கட்டினாய். இந்தத் தீபாவளிக்காவது அவன் வயிறு நிறையத் தின்னட்டும். என் இனிப்பு இல்லை, உன் பிஸ்கட்தான். நீயே உன் கையால் எடுத்துக் கொடு.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
2 டிசம்பர் 1984

அண்ணிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள் என்று மிஸ்ஸி சொன்னார். நான் துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்திருக்கிறீர்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தீபாவளிக்குப் போட்ட புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்தது. சின்னக் கொப்புளம். விரல் புண்ணையே ஆற்றினவளுக்கு இது என்ன என்று இருந்தேன். ஆறவில்லை. கறுத்தது. என்ன தின்றார் என்று டாக்டர் கேட்டார். வெளியில் ஒன்றும் இல்லை டாக்டர், என் அளவில் செய்த பிஸ்கட் மட்டும்தான் என்று பெருமையாகச் சொன்னேன். ஆமாம் அண்ணி, பெருமையாகத்தான் சொன்னேன். ஒரு டின் முடிந்தால் அடுத்த டின்னை நானே திறந்தேன். டெலிவிஷன் பார்த்துக்கொண்டு கையை நீட்டுவார், நானே வைத்தேன்.

நேற்று வீட்டுக்குப் போனேன். அலமாரியில் கடைசி டின் சரியாக மூடாமல் இருந்தது. மயிலின் கழுத்திலிருந்து அலமாரிக் கால் வரைக்கும் எறும்பு. போகிற வரிசை ஒன்று, வருகிற வரிசை ஒன்று.



ஜெயராஜைக் கேட்டேன். அவன் சூதுவாது தெரியாதவன். "புது மாத்திரையா? எனக்குத் தெரியாதுக்கா. பாசார்லருந்து வாரம் ரெண்டு கூடை குலா மலாக்காதான் ஏத்திக்கிட்டு வரேன்" என்றான்.

குலா மலாக்கா. தென்னை வெல்லம் போட்டிருக்கிறீர்கள். என் பெயர் எழுதின டின்னில்.

சீதாலெட்சுமி


கிள்ளான்
9 டிசம்பர் 1984

சீதா,

நான் கல் இல்லை. அவன் படுக்கையில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து கடையைச் சாத்திவிட்டேன். பக்கிரிசாமி செத்த அன்றைக்கும் சாத்தாத கடை.

ஆனால் பழியை மட்டும் என் தலையில் வைக்காதே. ஆமாம், குலா மலாக்கா போட்டேன். மாத்திரை என்று சொன்னது பொய். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ ஆட்டம் போட்டிருப்பாய், தீபாவளி யாவாரம் போயிருக்கும். ஆனால் சீனி இல்லை என்று எழுதினேனே, அது பொய் இல்லை. சீனி மிஷினில் வருவது, மருந்து போட்டு வெளுப்பது. குலா மலாக்கா மரத்துச் சாறு. காய்ச்சி ஊற்றினால் கட்டி. தோட்டத்தில் கர்ப்பிணிக்கும் கொடுத்தோம், காய்ச்சல்காரனுக்கும் கொடுத்தோம். மரத்திலிருந்து இறங்குவது எப்படி இனிப்புநீர் ஆகும்? இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் போய்க் கேள்.

அப்படியே கெடுதல் என்றாலும் வாய்க்குள் போட்டது யார்? நானா? நீயே எழுதியிருக்கிறாய், கையை நீட்டினார், வைத்தேன் என்று. இத்தனை வருஷம் சமைத்தவளுக்கு ஒரு கடியில் தெரியவில்லையா? தெரிந்திருக்கும். கசப்பில்லாமல் உன் பிஸ்கட் ருசித்ததும் உனக்கே மயக்கம் வந்துவிட்டது. அதுதான் உண்மை.

டின்னில் "இனிப்புநீர் உள்ளவர்களுக்கு" என்ற வரியைக் கறுப்பு மை வைத்து அடிக்கச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் என்னால் ஆகாது. ஸ்டாக் இருக்கிறது.

வருகிற பிப்ரவரி புஷ்பவல்லிக்குக் கல்யாணம். தாய்மாமன் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும். அவனை அதற்குள் உட்கார வைத்துவிடு.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
20 ஜனவரி 1985

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, கேட்டால் புரியும் என்று நினைத்தேன்.

முழுவதும் கேட்டார். பிறகு, "அக்கா சொல்றதுல என்ன தப்பு? குலா மலாக்கா மரத்துச் சாறுதானே" என்றார். டாக்டரின் பெயரைச் சொன்னேன். "டாக்டர் சீனன். அவனுக்கு நம்ம சாமான் என்ன தெரியும்" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "சீதா, ஏழு மாசம் எனக்கு மாத்திரைய மாவுல கலந்து போட்ட. அந்த மருந்துதான் என் காலத் தின்னிருச்சி. அக்கா அத மாத்தாம இருந்திருந்தா மத்தக் காலும் போயிருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து என் கையால் எதையும் நம்பி வாங்குவதில்லை. சோற்றை மோந்து பார்க்கிறார். தேத்தண்ணியை நான் முதலில் குடித்துக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டு இராஜம்மா கொடுக்கிற ரொட்டியைத் தின்கிறார், என் தோசையைத் தொடுவதில்லை. புருஷனுக்கு விஷம் வைத்தவள் மாதிரி என் வீட்டிலேயே நான் நடமாடுகிறேன்.

உங்களிடம் நான் எதையும் இரந்து கேட்டதில்லை. பிள்ளை இல்லை என்று சொன்னபோதுகூடத் திரும்பிப் பேசவில்லை. இப்போது கேட்கிறேன். ஒரு தடவை வந்து, உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள். குலா மலாக்காவும் சீனியும் ஒன்றுதான், மாத்திரை ஒன்றும் செய்யவில்லை என்று. நீங்கள் சொன்னால்தான் நம்புவார். நான் சமைத்ததைச் சாப்பிடாவிட்டால் இந்தக் காலும் நிற்காது.

சீதாலெட்சுமி


கிள்ளான்
17 பிப்ரவரி 1985

சீதா,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. உனக்குச் சேலை எடுத்து அனுப்பினேன், நீ வரவில்லை. ஆரத்தித் தட்டுப் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பினது உறைத்துவிட்டதாக்கும். சம்பந்தி வீட்டார் புதுசு, அவர்கள் ஒன்று சொல்லிவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன்.

தம்பியை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போக, அவன் புஷ்பவல்லியின் கையை விடாமல் பிடித்திருந்தான். மண்டபமே அழுதது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். எந்தச் சீர் வைத்தாலும் எனக்கு இந்த மரியாதை கிடைத்திருக்காது.

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். நான் வந்து சொல்லமாட்டேன். நான் சொன்னால் அவனுக்கு ஒரு பெண்டாட்டி கிடைப்பாள், ஒரு அக்கா போவாள். அந்த யாவாரம் எனக்குக் கட்டாது.

அவன் இனி இங்கேயே இருக்கிறேன் என்கிறான். "அங்க போனா மறுபடி மாத்திரை போடுவாக்கா" என்கிறான். கடைக்குப் பின்னால் அறை ஒழித்துக் கொடுத்துவிட்டேன். துணிமணிகளை ஜெயராஜிடம் கொடுத்தனுப்பு.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
19 பிப்ரவரி 1985

அண்ணிக்கு,

துணிமணி, ஊசிமருந்து, சவரப்பெட்டி, தாங்கு கட்டை எல்லாம் லோரியில் ஏற்றிவிட்டேன். ஊசிமருந்தை ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும். மிச்சமிருக்கிற காலை ராத்திரி தோறும் விளக்கு வைத்துப் பாருங்கள். அவருக்கு அங்கே வலி தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பக்கிரிசாமி அண்ணனுக்குப் பார்க்காததை இவருக்காவது பாருங்கள்.

சீதாலெட்சுமி


கிள்ளான்
3 ஆகஸ்ட் 1986

சீதா,

உன்னைக் கூப்பிட்டு எழுத வேண்டிய நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்குக் கண் போய்விட்டது. போன வருஷக் கடைசியில் ஒரு கண்ணில் புகை மாதிரி என்றான். மாதம் இரண்டில் மற்றதும் அப்படியே. இப்போது பகல் ராத்திரிகூடத் தெரியவில்லை. டாக்டர் என்னை நன்றாக ஏசினார். குலா மலாக்காவும் சீனிதானாம், உள்ளே போனால் இரண்டும் ஒரே வேலை செய்யுமாம். சிரித்துவிட்டேன். அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும், பழக்கம்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என் முகத்தைப் பார்க்க மாட்டான். இப்போதே பார்க்க முடியாது, அது வேறு.

அறை கடைக்குப் பின்னால். அவன் தட்டித் தடவிக்கொண்டு முன்பக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான். ஒரு காலும் இல்லை, கண்ணும் இல்லை, பலகாரக்கடை வாசலில். வருகிறவன் அலமாரியைப் பார்க்கிறான், அவனைப் பார்க்கிறான், திரும்பிப் போகிறான். என்னைத் திட்டிக்கொள். ஆனால் நீயும் யோசித்துப் பார், பலகாரம் விற்கிற இடத்தில் அது நடக்குமா?

உன்னிடம் அனுப்புகிறேன். உனக்குத்தானே வேண்டும் என்று அன்றைக்குத் துடித்தாய். அவனிடம் ரெண்டு வாரம்தான், கடைக்குச் சாயம் அடிக்கிறேன், முடிந்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ மாற்றிச் சொல்லாதே. கூடவே பிஸ்கட் டின் இரண்டு கொடுத்திருக்கிறேன். அது இல்லாமல் லோரியில் ஏறமாட்டேன் என்கிறான்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
12 அக்டோபர் 1986

அண்ணிக்கு,

இரண்டு வாரம் முடிந்து எத்தனையோ வாரம் ஆகிவிட்டது. சாயம் காய்ந்ததா என்று தினமும் கேட்கிறார். மழைக்காலம், காயவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்காக நான் சொல்லும் பொய்.

வந்த முதல் நாள் நான் வைத்த சோற்றைத் தள்ளிவிட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. நீங்கள் கொடுத்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு அதிலிருந்து மட்டும் எடுத்துத் தின்றார். மூடியைத் தடவுவார். மயில் விரலில் பட்டால்தான் கை உள்ளே போகும். நான் வேறு டப்பாவை நீட்டிப் பார்த்தேன். தடவிவிட்டு, "இது உன்னுது" என்று தூர வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவர் தூங்கும்போது உங்கள் டின்னை எடுத்து, உள்ளே இருந்ததைக் குப்பையில் கொட்டினேன். கழுவி வெயிலில் வைத்தேன். கச்சான் வறுத்தேன். தகர ஓவனை அடுப்பில் ஏற்றினேன். அதே கொப்பரை, அதே பாண்டான் இலை, அதே மாத்திரை. ஆறவைத்து உங்கள் டின்னில் அடுக்கி மடியில் வைத்தேன்.

மயிலைத் தடவினார். ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். விழுங்கினார். இன்னொன்று எடுத்தார்.

"பாத்தியா சீதா, இதான் அக்கா கை. உனக்கு வருமா இது?" என்றார்.

"வராதுங்க" என்றேன்.

கசப்பு போகவில்லை அண்ணி. அப்படியேதான் இருக்கிறது, நான் தின்று பார்த்தேன். உங்கள் பெயரைச் சொல்லித் தின்றால் அவருக்கு அது தெரிவதில்லை. இப்போது கச்சான் துவையல், அவித்த முட்டை, கொப்பரை உருண்டை என்று எல்லாமே மயில் டின்னில்தான் போகிறது. எல்லாமே கிள்ளானிலிருந்து அக்கா அனுப்பினது என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் உங்களைப் புகழ்கிறார். நான் எதிரில் உட்கார்ந்து கேட்கிறேன். அங்கிருந்து வரும்போதே மிச்சக் காலில் இருந்த புண் சுருங்கி வருகிறது. போன வாரம் ஆஸ்பத்திரியில், யார் சமைக்கிறார்கள் என்று மிஸ்ஸி கேட்டார். "எங்கக்கா" என்றார் அவர். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் கட்டுத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு டின்னில் ஒன்று நசுங்கிவிட்டது. மற்றதில் மயில் தேய்கிறது. புது டின் திறக்கிற சத்தம் கேட்டால்தான் அவருக்கு நம்பிக்கை வருகிறது. அதனால் எனக்குக் காலி டின்கள் அனுப்புங்கள். காலியாக. உள்ளே ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். ஜெயராஜை வாசலில் நிறுத்தி ஒரு தடவை ஹார்ன் அடிக்கச் சொல்லுங்கள். அவருக்கு அது கேட்க வேண்டும்.

சீதாலெட்சுமி


கிள்ளான்
19 அக்டோபர் 1986

சீதா,

ஜெயராஜிடம் ஒரு கட்டு டின் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஹார்ன் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். "அக்கா குடுத்துச்சிண்ணே" என்று சத்தமாகச் சொல்லவும் சொல்லியிருக்கிறேன், கூட ஒன்று இருக்கட்டும். உள்ளே ஒன்றும் இல்லை. நானே கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

புதுச் சரக்குக்குப் புது டின் தேவைப்படுவதால் உனக்குப் பழைய தீபாவளி மயில் டின்களைத்தான் அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் பெரிய எழுத்தில் உன் பெயர் ஒட்டியிருக்கும். கிழிக்க ஆள் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். அவனுக்குத்தான் கண் தெரியாதே.

பவுனம்மாள்